சென்னை மின்காரில் மலைக்குளிருக்கு: ஹீட்டர் முதல் கண்ணாடி வரை ஒரு வழிகாட்டி

சென்னையில் மின்கார் வாங்கப் போகிறவர்கள் ஏசி எவ்வளவு வேகமாகக் குளிர்விக்கும் என்று கேட்காமல் ஷோரூமை விட்டு வெளியே வருவதில்லை. அதே கார் எப்படிச் சூடாக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஜனவரி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊரில் அந்தக் கேள்வி எழாதது இயல்புதான். ஆனால் அரையாண்டு விடுமுறை வந்ததும் அந்தக் கார்தான் பாட்டி, குழந்தைகள், பெட்டிகளுடன் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்புகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்குவதுண்டு. தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும். இந்த நிலையில் காரில் உள்ள வசதிகளை எப்படிப் பயன்படுத்துவது, எதை எப்போது போடுவது, எதற்கு எவ்வளவு பேட்டரி செலவாகும் என்பதை, முதன்முறையாக மின்காரில் மலையேறும் குடும்பங்களுக்காகப் பயணத்தின் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

படிகளுக்குப் போகும் முன் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல், டீசல் கார்களில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகவே வீணாகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பங்கை உள்ளே ஊதிவிடுவதுதான் அங்கே ஹீட்டர் என்பதால் அதற்குத் தனிச் செலவு கிடையாது. மின்மோட்டாரோ தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை இயக்கமாக மாற்றிவிடுவதால், உள்ளே ஊதுவதற்கு வெப்பம் அதிகம் மிஞ்சுவதில்லை. ஆகவே காருக்குள் வரும் சூட்டைப் பெரும்பாலும் பேட்டரிதான் தர வேண்டும். இதிலிருந்து இரண்டு நடைமுறைகள் பிறக்கின்றன. காருக்குள் இருக்கும் காற்று முழுவதையும் சூடாக்குவதைக் காட்டிலும், உட்கார்ந்திருப்பவர்களின் உடலைச் சூடாக இருத்துவது மலிவு. பேட்டரியிலிருந்து சூடாக்குவதைக் காட்டிலும், சார்ஜர் செருகியிருக்கும்போதே சுவர் மின்சாரத்தில் சூடாக்கிக்கொள்வது இன்னும் மலிவு. கீழே வரும் யோசனைகளில் பல இந்த இரண்டிலிருந்தே வருகின்றன.

படி 1: உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

மின்கார்களில் சூடாக்கும் கருவி இரண்டு வகைப்படும். முதலாவது மின்தடை ஹீட்டர். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டரைப் போலவே இது ஒரு யூனிட் மின்சாரத்தை வாங்கி ஒரு யூனிட் வெப்பத்தைத் தரும். அதற்கு மேல் தர முடியாது. இரண்டாவது வெப்பப் பம்ப். ஸ்பிளிட் ஏசி ஓடும்போது அதன் அவுட்டோர் யூனிட் வெளியே வெந்த காற்றைத் தள்ளுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த ஓட்டத்தைத் திருப்பிவிட்டு, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டுவருவதுதான் வெப்பப் பம்பின் வேலை. மிதமான குளிரில் இது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு முதல் மூன்று யூனிட் வெப்பம் வரை தரும். குளிர் கடுமையாகக் கடுமையாக இந்த ஆதாயம் குறையும். நிசான் லீஃப் 2010-இல் மின்தடை ஹீட்டருடன்தான் வந்தது. 2013 மாடலின் உயர் வகைகளில்தான் வெப்பப் பம்ப் சேர்ந்தது. உங்கள் காரில் எது இருக்கிறது என்பதைக் கையேட்டில் பாருங்கள், அல்லது சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதி ‘கிளைமேட் கண்ட்ரோல்’ (காரின் உள்வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதி) இருக்கிறது என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல், ஹீட்டர் இருக்கிறதா, எந்த வகை என்று தனியாகக் கேட்பது நல்லது.

அடுத்தது இருக்கை. நம் ஊருக்காக விற்கப்படும் பல மாடல்களில் இருப்பது காற்றோட்ட இருக்கை. அதாவது உள்ளே சிறு விசிறி வைத்து முதுகு வியர்க்காமல் பார்த்துக்கொள்வது. சூடாக்கும் இருக்கை என்பது வேறு. இரண்டின் பொத்தான்களும் ஏறக்குறைய ஒரே படத்தைக் கொண்டிருப்பதால் குழப்பம் நேரும். சில கார்கள் கடைசியாக வைத்த அமைப்பை நினைவில் வைத்திருக்கும். விழுப்புரத்தில் வெயிலுக்குப் போட்ட காற்றோட்டம் குன்னூரிலும் முதுகில் ஊதிக்கொண்டிருக்க, ஹீட்டர் போட்டும் குளிர் ஏன் போகவில்லை என்று ஓட்டுநர் தேடிக்கொண்டிருப்பார். மலை தொடங்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும்.

இருக்கை உறைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார் டெலிவரி எடுத்த கையோடு ஜி.பி. ரோட்டுக்குப் போய்த் தடிமனான ரெக்ஸின் உறை போட்டுவிடுவது நம் வழக்கம். அந்த உறை காற்றோட்டத்தையும் அடைக்கும், சூட்டையும் தடுக்கும்; இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அது விரிவதற்கும் இடையூறாகும். இருக்கை வசதிக்குப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் உறை போடாமல் இருப்பதே சரி என்பது என் கருத்து.

படி 2: ஹீட்டரைச் சென்னையிலேயே ஓட்டிப் பாருங்கள்

ஆண்டுக்கணக்கில் தொடாத கருவியை முதன்முதலாகக் கொண்டை ஊசி வளைவில் போட்டுப் பார்க்கக் கூடாது. மார்கழி அதிகாலை ஒன்றில், கார் நிழலில் நிற்கும்போது, வெப்பநிலையை 28 டிகிரிக்கு உயர்த்தி, காற்றைக் காலடிப் பக்கம் திருப்பிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். முதல் சில நிமிடங்களில் தூசி கருகிய வாடை வரக்கூடும். ஹீட்டர் தகடுகளில் படிந்த தூசி சூடேறுவதால் வருவது அது. கண்ணாடிகளை இறக்கிவைத்தால் சற்று நேரத்தில் போய்விடும். வாடை போகாமல் நின்றாலோ, பிளாஸ்டிக் உருகுவது போல மணத்தாலோ உடனே அணைத்துவிட்டு, பயணத்துக்கு முன்பே சர்வீஸ் சென்டரில் காட்ட வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில் பின்னிருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சூடு அங்கே எப்படி வருகிறது என்று கேளுங்கள். முன்னிருக்கைகளின் அடியில் பின்பக்கக் காலடிக்கான காற்றுக்குழாய் இருந்தால், அதன் வாயை அடைத்தபடி செருப்போ தண்ணீர்ப் பாட்டிலோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலையில் முதலில் குளிர்வது கால்கள்தான். பின்னால் இருக்கும் பெரியவர்கள் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

மொபைல் செயலியையும் இதே நாளில் சோதித்துக்கொள்ளுங்கள். டாடா, ஹூண்டாய், எம்.ஜி. போன்ற நிறுவனங்களின் இணைய வசதியுள்ள மாடல்களில், காருக்குள் ஏறும் முன்பே செயலி வழியாகக் கிளைமேட்டைப் போட முடியும். சென்னையில் நாம் அதை மே மாத வெயிலில் காரைக் குளிர்விக்கப் பயன்படுத்துகிறோம். அதே பொத்தான்தான் மலையில் சூடாக்கவும் உதவும். எத்தனை நிமிடம் ஓடித் தானே நிற்கும், குறைந்தது எத்தனை சதவீதம் பேட்டரி இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

படி 3: யூனிட் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்

பேட்டரியின் அளவைச் சொல்லும் கிலோவாட் மணி என்பது வீட்டு ஈ.பி. கணக்கில் வரும் அதே யூனிட்தான். எடுத்துக்காட்டாக 45 யூனிட் பேட்டரி உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து அதன் எடை 1,800 கிலோ என்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் தூக்கிச் செல்வதற்கு மட்டுமே 9 யூனிட்டுக்குச் சற்று அதிகமாகத் தேவைப்படும். சாலையில் உருள்வதற்கு ஆகும் செலவு இதற்கு மேல். வழியில் காட்டப்படும் ரேஞ்ச், அதாவது இன்னும் ஓடக்கூடிய தூரம், மளமளவென்று சரிவதற்குப் பெருங்காரணம் இந்த ஏற்றம்தான், ஹீட்டர் இல்லை.

ஹீட்டரின் பங்கு எவ்வளவு? குளிர்ந்து கிடக்கும் காரை முதலில் சூடேற்றும்போது 3 முதல் 5 கிலோவாட் வரை, அதாவது மணிக்கு 3 முதல் 5 யூனிட் என்ற வேகத்தில், இழுக்கக்கூடும். உள்ளே வெதுவெதுப்பு வந்தபின் அதைக் காப்பாற்ற, வெளியே பத்து டிகிரி போல இருக்கும்போது, மின்தடை ஹீட்டருக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோவாட் அளவில் போதும். அப்படி இரண்டு மணி நேரம் ஓடினால் 2 முதல் 3 யூனிட். சமதளத்தில் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோமீட்டர் ஓடக்கூடிய மின்சாரம். இருக்கைச் சூடோ ஓர் இருக்கைக்கு 50 முதல் 100 வாட் வரைதான் எடுக்கும். இரண்டு இருக்கைகள் இரண்டு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டைத் தாண்டாது. வசதி இருப்பவர்கள் காற்றின் வெப்பநிலையை 20, 21 டிகிரியில் வைத்துவிட்டு, மீதியை இருக்கைச் சூட்டிடம் விட்டுவிடலாம். 26 டிகிரி காற்றில் கிடைக்கும் சுகம் இதிலேயே கிடைத்துவிடும்.

ஹீட்டர் மணிக்கணக்கில்தான் மின்சாரம் எடுக்கிறது, கிலோமீட்டர் கணக்கில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சீசன் நெரிசலில் குன்னூர்ச் சாலையில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால், ஒரு கிலோமீட்டருக்கான சூட்டுச் செலவு பல மடங்காகும்.

படி 4: ஏறும்போது அவசரப்பட வேண்டாம்

சேலம், அவினாசி வழியே மேட்டுப்பாளையம் வரை பகலில் ஏசிதான் தேவைப்படும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. பர்லியாறு தாண்டியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியைச் சற்று இறக்கினாலே இதமாக இருக்கும். நண்பகல் வெயிலில் ஊட்டியிலும் நிறுத்திவைத்த காரின் உட்புறம் தானாகவே சூடேறிவிடும் என்பதால், பகலில் ஹீட்டருக்கு அநேகமாக வேலையே இருக்காது. அந்தி சாய்ந்தபின்தான் அதன் நேரம் தொடங்குகிறது.

தனியாக ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சில ஹூண்டாய், கியா மின்கார்களில் ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டும் காற்றை அனுப்பும் பொத்தான் இருக்கிறது. அது இல்லாத கார்களில் யாரும் உட்காராத பக்கத்தில் காற்று வரும் வென்டுகளை மூடிவிடலாம்.

படி 5: கண்ணாடியில் படியும் ஆவி

குளிர்ப் பயணத்தில் சென்னை ஓட்டுநர்கள் மிக அதிகம் தடுமாறுவது இங்கேதான். நம் ஊரில் புகைக்கும் தூசிக்கும் பயந்து, உள்காற்றையே சுழற்றும் பொத்தானை ஆண்டு முழுவதும் அழுத்தியே வைத்திருக்கிறோம். ஏசி அந்தக் காற்றின் ஈரத்தைத் தொடர்ந்து உறிஞ்சிவிடுவதால் அங்கே அது பிரச்சினையாவதில்லை. மலையில் குளிருக்காக ஏசியை அணைத்துவிட்டு, உள்காற்றுச் சுழற்சியை மட்டும் அப்படியே விட்டால், ஐந்து பேரின் மூச்சிலும், நனைந்த குடையிலும் ஷூவிலும் இருக்கும் ஈரம் போக வழியின்றிக் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படியும். வளைவின் நடுவில் முன்கண்ணாடி ஓரத்திலிருந்து வெள்ளையாக மூடிக்கொண்டு வர, ஓட்டுநர் கையால் துடைக்க, துடைத்த இடத்தில் கொழகொழவென்று கோடு விழ, எதிரே வரும் பேருந்தின் விளக்கு அந்தக் கோட்டில் சிதறித் தெரியும்.

செய்ய வேண்டியவை இவை: வெளிக்காற்று உள்ளே வரும்படி பொத்தானை மாற்றுங்கள். முன்கண்ணாடியின் ஆவியை நீக்கும் டிஃபாக் பொத்தானை அழுத்துங்கள். அதை அழுத்தியதும் ஏசி விளக்கு எரிந்தால் பதறி அணைக்க வேண்டாம். ஏசி காற்றை உலர்த்த, ஹீட்டர் அதைச் சூடாக்க, உலர்ந்த சூடான காற்றுதான் கண்ணாடியை ஒரு நிமிடத்தில் தெளிவாக்கும். வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கினால் கம்ப்ரஸர் ஓடாமல் போகலாம். அப்போது வெளிக்காற்றும் சூடும் போதும். பின்கண்ணாடிக் கம்பிகளுக்கான பொத்தான் தனி. கண்ணாடி தெளிந்ததும் அதை அணைத்துவிடலாம்.

கிளம்பும் முன் முன்கண்ணாடியின் உட்பக்கத்தை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். சென்னை வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்த டேஷ்போர்டிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப் பசை கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பகலில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தில்தான் ஆவி எளிதில் ஒட்டுகிறது.

கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஆவி படிவது வேறு விஷயம். சென்னை மழையிரவில் ஏசிக் காற்று கண்ணாடியில் பட்டு, வெளியே ஈரம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வைப்பரைப் போட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து வேறு பக்கம் திருப்பினால் போதும்.

எப்போதும் உள்காற்றிலேயே ஓட்டினால் கரியமில வாயு கூடி ஓட்டுநருக்குக் கண்ணைச் சுழற்றும் என்பதும் வெளிக்காற்றுக்கு மாற இன்னொரு காரணம். நிறுத்திய மின்காரில் புகை வராது என்பதால் ஹீட்டர் போட்டுச் சிறிது நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ எந்தக் காருக்குள்ளும், பூட்டிய அறைக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாமலே உயிரை வாங்கிவிடும்.

படி 6: இரவில் எங்கே நிறுத்துவது, எப்போது சார்ஜ் செய்வது

அறை பதிவு செய்யும்போதே கார் நிறுத்தும் இடத்துக்கு அருகில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, அதற்கு முறையான எர்த் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் காருடன் வரும் போர்ட்டபிள் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். கூரையோ சுவரோ உள்ள இடத்தில் நிறுத்தினால் கண்ணாடியில் பனி படிவதும் குறையும்.

குளிர்ந்த பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜை ஏற்கும். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் படிந்து செல் கெடக்கூடும் என்பதால், காரின் கட்டுப்பாட்டுக் கருவியே வேகத்தைக் குறைத்துவிடும். இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரிகளில் இந்தத் தயக்கம் சற்று அதிகம். டாடா நெக்ஸான் மின்காரிலும் பி.ஒய்.டி.யின் பிளேடு பேட்டரியிலும் இருப்பது இந்த வகை. ஆகவே வேகச் சார்ஜ் தேவைப்பட்டால், ஏறிவந்த சூடு பேட்டரியில் இருக்கும் மாலையிலேயே முடித்துக்கொள்வது காலையில் போய் நிற்பதைக் காட்டிலும் நல்லது.

படி 7: காலையில் கிளம்பும் முன்

சார்ஜரைப் பிடுங்கும் முன்பே செயலியில் கிளைமேட்டைப் போடுங்கள். 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து வரும் சுமார் 3 கிலோவாட், காரைச் சூடேற்றும் முதற்செலவின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். பேட்டரி ஏறக்குறைய தொடாமல் இருக்கும். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. காரில் கிளம்பும் நேரத்தைக் குறித்துவைக்கும் வசதி இருந்தால் இரவே குறித்துவிடலாம், இல்லாவிட்டால் ஒருவர் போய்க் கையாலேயே போட வேண்டியதுதான். கண்ணாடியில் உறைபனி இருந்தால் வெந்நீரை ஊற்றாதீர்கள். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். உறைந்திருக்கும் வைப்பரையும் ஓட்டக் கூடாது. உள்ளிருந்து சூடேறியதும் பனி தானே இளகும். பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் வழித்துவிடலாம்.

இருக்கைச் சூடு பற்றி ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நீண்ட காலச் சர்க்கரை நோயால் காலிலும் தொடையிலும் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு கூடுவது தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்குச் சூடாக்கும் இருக்கையால் தீப்புண் ஏற்பட்டதுண்டு. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத பெரியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு மிகக் குறைந்த நிலையில் பத்து நிமிடம் வைத்து அணைத்துவிட்டு, ஒரு கம்பளியையும் காலுறையையும் கொடுப்பதே பாதுகாப்பு. கடையில் வாங்கும் 12 வோல்ட் சூட்டு விரிப்புகளுக்கும் இது பொருந்தும். அவற்றைச் சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். காரின் வயரை வெட்டி இணைக்க எந்த மெக்கானிக்கையும் அனுமதிக்காதீர்கள்.

கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ குடிபெயர்ந்து அங்கே மின்கார் வாங்கப் போகும் பிள்ளைகள் கேட்டால் நான் சொல்வது வேறு. மாதக்கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் ஊரில் வெப்பப் பம்ப், இருக்கைச் சூடு, ஸ்டியரிங் சூடு, சார்ஜ் செய்யும் முன் பேட்டரியைச் சூடாக்கும் வசதி ஆகிய நான்கும் பணம் கொடுத்து வாங்கத் தக்கவை. நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் மின்கார்கள் என்பதால், குளிரில் இவை ஓடுமா என்று அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. சென்னையிலேயே இருந்து ஆண்டுக்கு ஓரிரு முறை மலைக்குப் போகிறவர்கள் இந்த வசதிகளுக்காக மேல் வகைக்குத் தாவத் தேவையில்லை. ஒழுங்கான ஹீட்டர், பின்கண்ணாடி டிஃபாக், செயலியில் கிளைமேட், இந்த மூன்றும் இருந்தால் போதும்.

படி 8: இறங்கும்போது

நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஊட்டியிலிருந்து இறங்காதீர்கள். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஏறும்போது செலவான அந்த 9 யூனிட்டில் கணிசமான பங்கு இப்படித் திரும்பக் கிடைக்கும். பேட்டரி நிறைந்திருந்தாலோ குளிர்ந்திருந்தாலோ அதை வாங்கிக்கொள்ள முடியாமல், ரீஜென் எனப்படும் இந்த மோட்டார் பிரேக் குறைந்துவிடும். காலால் மிதிக்கும் பிரேக்கே முழுப் பளுவையும் தாங்க வேண்டிவரும். காலையில் குளிர்ந்த பேட்டரியுடன் கிளம்பினால் முதல் சில கிலோமீட்டருக்கு ரீஜென் வழக்கம் போல் பிடிக்காது என்பதை எதிர்பார்த்து, இடைவெளி விட்டு மெதுவாக ஓட்டுங்கள். 80 சதவீதத்துக்கு உள்ளாகக் கிளம்பினால் போதும்.

இறங்கும்போது ஹீட்டரைச் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை, ஏனெனில் அந்த நேரத்தில் கார் மின்சாரத்தை ஈட்டிக்கொண்டிருக்கிறது. குன்னூர் தாண்டி வெப்பம் ஏற ஏற, வெளிக்காற்று ஈரமாகவும் கண்ணாடி இன்னும் குளிர்ந்தும் இருக்கும் சில நிமிடங்களில் வெளிப்புறம் திடீரென்று மங்கலாம். அப்போது டிஃபாக்கைத் தேடாமல் வைப்பரைப் போடுங்கள். மேட்டுப்பாளையம் வந்ததும் ஹீட்டரை அணைத்து ஏசிக்கு மாறலாம்.